வெள்ளிக்கிழமை லைன்

நாவலப்பிட்டியில் கணினி மறுபடியும் நின்றுவிட்டது என்று தினுஷன் வந்து சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கிளையைத் தவிர வேறெங்கும் அது நிற்பதில்லை. மடவளையில் ஓடுகிறது, கடுகண்ணாவையில் ஓடுகிறது. ஒரே மென்பொருள், ஒரே மாதிரியான கணினி. நாவலப்பிட்டியில் மட்டும் பகல் ஏற ஏறத் திரை விறைத்துப்போய்விடும். அணைத்துப் போட்டால் உயிர் வரும். மறுநாள் மறுபடியும் அதே கூத்து.

நாங்கள் கண்டி நகரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்து மென்பொருள் எழுதும் சின்னக் கூட்டம். தினுஷன் முதலாளி. என்னைவிட இளையவர் என்பதால் என்னை அக்கா என்பார். எங்கள் அடுப்பு எரிவது பெரும்பாலும் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தால். சுற்றியுள்ள ஊர்களில் அவர்களுக்குச் சின்னச் சின்னக் கிளைகள். அங்கே இரத்தம் எடுத்துக் கண்டிக்கு அனுப்புவார்கள். முடிவு தயாரானதும் கிளையில் இருப்பவர் எங்கள் மென்பொருளில் நோயாளியின் இலக்கத்தைத் தட்டி ரிப்போர்ட்டை அச்செடுத்துக் கொடுப்பார். அவ்வளவுதான் வேலை.

"கலாராணிய நிப்பாட்டப் போறாங்களாம் அக்கா," என்றார் தினுஷன். "அந்தப் புள்ள கணினியில என்னமோ நோண்டுதுன்னு ரிஸ்கான் சேர் முடிவு பண்ணிட்டார். மாசக் கடைசியோட சரியாம்."

ரிஸ்கான் சேர் பரிசோதனை நிலையத்தின் முகாமையாளர். கலாராணி நாவலப்பிட்டிக் கிளையைத் தனியாகப் பார்ப்பவள். நான் அவளோடு தொலைபேசியில் மட்டும்தான் பேசியிருந்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து படித்து வந்தவள், தம்பி பல்கலைக்கழகம் போவது அவளுடைய சம்பளத்தில் என்று தினுஷன்தான் சொன்னார். அவரும் அந்தப் பக்கத்து ஆள். கணினி நின்றதும் பழி கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தலையில் போய் விழுவது எனக்குப் புதிதல்ல. நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

கண்டியிலிருந்து நாவலப்பிட்டிக்கு ரயிலில் போனால் பேராதனையைத் தாண்டியதும் வயலும் ஆறும் மாறி மாறி வரும். யன்னல் பக்கம் இடம் கிடைத்தது. இப்படி ஒரு பெண்ணின் மேல் பழி விழுந்த கதையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதை நினைத்தால் ஹுஸைன் மாமாவின் கடை கூடவே வந்துவிடும்.

என் உம்மாவின் தம்பி ஹுஸைன் மாமா மடவளை பசாரில் ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருந்தார். கைபேசி எல்லாருடைய கைக்கும் வராத காலம். வீட்டுத் தொலைபேசி இருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். நான் ஏ/எல் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். மாமாவின் மகள் அனீஸாவுக்கும் என் வயசு. இருவரையும் மாமா கடையில் உட்கார வைத்தார். ஒட்டுப்பலகையில் அடித்த இரண்டு கூண்டுகள். ஒன்றில் வெளியே அழைக்கும் தொலைபேசி. மற்றதில், மத்திய கிழக்கிலிருந்து வரும் அழைப்புகளை எடுப்பதற்கென்றே ஒரு லைன். சுவரில் இரண்டு மணிக்கூடுகள், ஒன்று நம் நேரம், மற்றது சவூதி நேரம். சவூதி மணிக்கூடு எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் ஓடும். அதைத் திருத்த மாமாவுக்கு ஒருநாளும் நேரம் கிடைத்ததில்லை.

வெள்ளிக்கிழமைதான் எங்களுக்குத் திருவிழா. அங்கே அவர்களுக்கு லீவு. இங்கே ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு அழைப்புகள் வரத் தொடங்கும். கடை வாசலில் போட்டிருந்த நீட்டு வாங்குப் பலகையில் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளைக் குளிப்பாட்டி, முகம் முழுக்கப் பவுடர் அப்பி, புதுச் சட்டை போட்டுக் கொண்டுவருவார்கள். தொலைபேசியில் முகம் தெரியாது என்று அந்த உம்மாமாருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அனீஸா அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. புருஷன்மார் இருந்த ஊரின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். மணி அடித்ததும் ரிசீவரை எடுத்து ஸலாம் சொல்லி, யார் என்று கேட்டு, வாசலைப் பார்த்து, "ஜித்தா மாமி வாங்க," என்பாள். "தமாம் தாத்தா வாங்க." தாத்தா என்றால் எங்கள் பேச்சில் அக்கா. "குவைத் அக்கா எங்க, டீ குடிக்கப் போயிட்டாங்களா?" கூப்பிடப்பட்டவள் எழும்புகிற எழும்பலில் வாங்கே ஆடும். தோட்டத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அவர்களும் பெய்ரூட் அம்மா, ரியாத் அண்ணன் என்று ஆகிவிடுவார்கள். யாரோ ஒருத்திக்குப் புருஷன் தொழில் மாறி டோஹாவுக்குப் போனபோது, அவள் கடைக்கு வந்து இனி என்னை டோஹா என்று கூப்பிடு என்று பெருமையோடு சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தக் கடையின் வாசனை இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. போட்டோப்பிரதி மிஷினின் சூடு, பிள்ளைகளின் பவுடர், கூண்டுக்குள்ளே அழுது வியர்த்த பெண்கள் பூசியிருந்த அத்தர். எனக்கு அந்த நாட்கள் அவ்வளவு பிடித்திருந்தன. அனீஸாவோடு ஒரே கதிரையில் பாதிப் பாதியாக உட்கார்ந்து கடலை தின்றதைப் போன்ற சுகத்தை அதற்குப் பிறகு எந்த வேலையும் எனக்குத் தரவில்லை.

நாவலப்பிட்டிக் கிளை பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரே ஓர் அறை. கலாராணி என்னைக் கண்டதும் எழும்பி நின்றாள். மெலிந்த பெண். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. தூங்காத முகம். நான் ஏதோ விசாரணைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்தாள் போலும். வேலையைப் பார், நான் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன்.

காலையில் ஒரு குறையும் இல்லை. டவுனில் இருந்து வந்தவர்கள் இலக்கத்தைச் சொன்னார்கள், ரிப்போர்ட் வந்தது, போனார்கள். பிறகு தோட்டத்துப் பக்கமிருந்து பஸ் வந்து அறை நிறைந்தது. ராக்கம்மா என்று ஒரு பாட்டி, கால் வீங்கியிருந்தது. அவருடைய இலக்கத்தைத் தட்டியதும் ரிப்போர்ட் இன்னும் தயாரில்லை என்று திரையில் வந்தது. நாளைக்கு வாங்க என்று சொல்லி அனுப்பிவிடுவாள் என்று பார்த்தேன். மற்றக் கிளைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். இவளோ அவரை உட்காரச் சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்த்தாள். பிறகு மறுபடி ராக்கம்மாவின் இலக்கத்தைத் தட்டினாள். தயாரில்லை. வாங்கில் இருந்த ஒவ்வொருவருக்கும் இப்படியே சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"நாளைக்கு வாங்கன்னு சொன்னா நாளைக்கும் இவங்களுக்குப் பேரு விழாது மிஸ்," என்றாள். "இன்னைக்கு வேலைக்குப் போகாமத்தான வந்திருக்காங்க. கடைசி பஸ்ஸுக்கு முந்தி எப்படியும் வந்துரும்னு பாத்துக்கிட்டே இருப்பேன்."

தோட்டத்தில் ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. அவள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரை நின்றது. மவுஸை அசைத்தாள், விசையைத் தட்டினாள். ஒன்றும் நகரவில்லை. அறையில் இருந்த எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். கலாராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும்தான் எனக்கு அந்த வெள்ளிக்கிழமை அப்படியே கண்முன் வந்து நின்றது.

அன்றைக்கும் வாங்கு நிறைந்திருந்தது. முதல் அழைப்பு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவருக்கு வந்தது. அவருடைய தங்கச்சி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அவள் இறந்துவிட்டதாகச் செய்தி. அவர் கூண்டிலிருந்து வெளியே வந்தார், யாரையும் பார்க்கவில்லை, குடையையும் விட்டுவிட்டு நடந்து போனார். அதற்குப் பிறகு மணி அடிக்கவே இல்லை. ஜித்தாவும் இல்லை, தமாமும் இல்லை. பெண்கள் மணிக்கூட்டைப் பார்த்தார்கள், பிறகு அனீஸாவைப் பார்த்தார்கள். பிள்ளைகளின் பவுடர் வியர்வையில் வழிந்தது. அஸர் பாங்கு சொன்ன பிறகுதான் நான் குடையை எடுத்து வைக்கலாம் என்று கூண்டுக்குள் போனேன். ரிசீவர் கம்பியில் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

நல்ல செய்தி கேட்டவர்கள் ரிசீவரை ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் வருவார்கள். சிலர் அதை முத்தமிட்டுக்கூட வைப்பார்கள். கெட்ட செய்தி கேட்டவருக்கு அதை வைக்க வேண்டும் என்ற நினைப்பு எங்கிருந்து வரும்? அதை ஒருவரும் குற்றம் சொல்ல முடியாது. நாங்கள்தான் போய்ப் பார்த்திருக்க வேண்டும். நல்ல முடிவுக்கு மட்டும் பழகிப்போன கடை அது.

அதே நினைப்போடு நாவலப்பிட்டியில் மடிக்கணினியைத் திறந்து எங்கள் நிரலைப் பார்த்தேன். கலாராணி ஒவ்வொரு முறை இலக்கத்தைத் தட்டும்போதும் எங்கள் மென்பொருள் கண்டியில் இருக்கும் பெரிய கணினிக்கு ஓர் இணைப்பைத் திறக்கிறது. ஒரு கிளையிலிருந்து ஒரே நேரத்தில் திறந்திருக்கக்கூடியவை கொஞ்சம்தான். ரிப்போர்ட் இருந்தால் அதை வாங்கிக்கொண்டு இணைப்பை மூடிவிடும். இல்லாவிட்டால் பெரிய கணினி அதை ஒரு பிழையாக அனுப்பும். எங்கள் நிரல் உடனே பிழையைக் கவனிக்கும் பகுதிக்குத் தாவும், தயாரில்லை என்று திரையில் எழுதும், அத்தோடு திரும்பிவிடும். திறந்த இணைப்பை மூடும் வரி, நல்ல செய்தி போகிற பாதையில் மட்டும்தான் இருந்தது. தயாரில்லை என்று வந்த ஒவ்வொன்றும் ஓர் இணைப்பைத் தொங்க விட்டுவிட்டுப் போயிருக்கிறது. எல்லாம் தொங்கிப்போன பிறகு அடுத்த ஆளுக்கு லைன் எங்கே கிடைக்கும்?

நாளைக்கு வாங்க என்று துரத்திவிடும் கிளைகளில் ஒருநாளும் அவ்வளவு தொங்காது. திரும்பத் திரும்பப் பார்ப்பவளுடைய கணினிதான் நிற்கும். அந்தப் பெண்ணின் நல்ல மனசுதான் அவளுக்கு எதிரியாகிவிட்டது.

திருத்தம் ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை அல்ல. மூடும் வரியை எடுத்து, நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் கடைசியில் கட்டாயம் ஓடும் பகுதிக்குள் வைக்க வேண்டும். அன்றைக்கே வைத்தேன். தினுஷனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார், உடனே எல்லாக் கிளைக்கும் அனுப்பிவிடுவோம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"காரணத்தச் சொல்லாம விட்டுடுவோமே அக்கா. அடுத்த வாரம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற பேச்சு. இனி நிக்காதுதானே. அப்ப அந்தப் புள்ளைக்கும் பிரச்சின இல்ல."

ஹுஸைன் மாமாவும் அன்றைக்கு இதைத்தான் சொன்னார். லைன் பிஸியாக இருந்த கதை அந்த வெள்ளிக்கிழமையே ரியாத், ஜித்தா எல்லாம் போய்விட்டது. அடுத்த வெள்ளிக்குள் அது காரணத்தோடு மடவளைக்குத் திரும்பி வந்தது. கவுண்டரில் இருக்கும் பிள்ளை, அனீஸாதான், எவனோடோ கதைத்துக்கொண்டிருந்தாளாம். நான் கொதித்துப்போய், ரிசீவர் தொங்கியதைக் கண்டவள் நானே, பசாரில் நின்று சொல்கிறேன் என்றேன். மாமா விடவில்லை. மரணம் நடந்த மையித்து வீட்டுக்காரர் மேல் பழி போடுவதா, பேசினால் பெருகும், லைன்தான் இப்போது வேலை செய்கிறதே, விடு என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

அனீஸாவுக்கு ரியாத்தில் இருந்த ஒரு பையனைப் பேசி முக்கால்வாசி முடிந்திருந்தது. அவனும் அந்த வெள்ளிக்கிழமை அழைத்துப் பார்த்திருக்கிறான். அஸர் வரைக்கும் பிஸி சத்தம்தான் கேட்டிருக்கிறது. அவன் வீட்டார் ஒன்றும் சண்டை பிடிக்கவில்லை, சத்தம் போடாமல் விலகிக்கொண்டார்கள். அனீஸா அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. ஜித்தா மாமி வாங்க என்று கூப்பிட ஆள் இல்லாமல் போனது. நான் கூப்பிட்டேன்தான். யாரும் அந்த எழும்பல் எழும்பவில்லை.

தினுஷனுக்கு நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

புதிய பதிப்பு போன பிறகு நாவலப்பிட்டிக் கணினி ஒருநாளும் நிற்கவில்லை. அடுத்த வாரம் ஒப்பந்தப் பேச்சுக்காகக் கண்டியில் ரிஸ்கான் சேரின் அறைக்குப் போனபோது கலாராணியும் அங்கே நின்றாள். கைப்பையை நெஞ்சோடு பிடித்திருந்தாள். கணக்கைத் தீர்த்து அனுப்பக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பார்த்த உடனே விளங்கியது.

"பாத்தீங்களா தினுஷன்," என்றார் ரிஸ்கான் சேர். "நான் இவக்கு வார்னிங் குடுத்த பிறகு ஒருநாளும் ஸ்டக் ஆகல்ல. அப்ப இது யார்ட வேலண்டு விளங்குதுதானே?"

எங்கள் திருத்தமே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. தினுஷன் தரையைப் பார்த்தார். கலாராணிக்கோ, பாவம், காரணம் தெரியாது, அதை நான் அவளிடமும் சொல்லியிருக்கவில்லை.

"எங்கட பிழை சேர்," என்றேன். "அவ ஒண்டும் செய்யல்ல. நாங்க எழுதினதுல பிழை. போன கிழமதான் திருத்தினோம்."

ரிஸ்கான் சேர் நம்பவில்லை. பெண்ணுக்குப் பெண் பரிந்து பேசுவதாக நினைத்தார். நான் மடிக்கணினியை எடுத்து மேசையில் வைத்தேன். மின்கம்பி செருகும் இடம் தெரியாமல் தடுமாறியபோது, தினுஷன் கம்பியை என் கையிலிருந்து வாங்கி, குனிந்து, செருகிவிட்டார். அந்த ஒரு செய்கைக்காக அவரை நான் எப்போதும் மதிப்பேன்.

பழைய பதிப்பைத் திறந்து, தயாராகாத ரிப்போர்ட் ஒன்றின் இலக்கத்தை ரிஸ்கான் சேரையே தட்டச் சொன்னேன். தட்டினார். தயாரில்லை. மறுபடி தட்டச் சொன்னேன். தட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய விரலுக்குக் கீழேயே திரை நின்றது. புதிய பதிப்பைத் திறந்து கொடுத்தேன். கை சலிக்கும்வரை தட்டினார், அது தன்பாட்டில் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் கதிரையில் சாய்ந்து கலாராணியைப் பார்த்தார். ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பாமல் எதற்கு இத்தனை தடவை தட்டினாய் என்று கேட்டார். எனக்குச் சொன்னதையே அவள் அவருக்கும் சொன்னாள். பிறகு, சரி, நீ வேலைக்குப் போ என்றார்.

அதோடு எழும்பி வந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"மத்தக் கிளைக்காரங்களுக்கும் சொல்லணும் சேர். இவதான் கெடுத்தாண்டு எல்லாரும் நினைச்சிட்டு ஈக்கிறாங்க. திருத்தினா மட்டும் போதா."

அவருக்கு அது பிடிக்கவில்லை. முகம் சிவந்தது. ஆனாலும் கைபேசியை எடுத்து, எல்லாக் கிளையும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்குக் குரல் பதிவாகச் சொன்னார். நாவலப்பிட்டிக் கணினி நின்றது மென்பொருளின் பிழை, கலாராணியின் பிழை அல்ல என்று தெளிவாகச் சொன்னார். கலாராணியின் கைப்பைக்குள் அவளுடைய கைபேசி அந்தப் பதிவு வந்ததாகக் கிணுங்கியது. அவள் அதை எடுக்கவில்லை. பையை மட்டும் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

ஒப்பந்தத்தைப் பிறகு பார்ப்போம் என்று எங்களை அனுப்பிவிட்டார். பார்ப்பாரோ மாட்டாரோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். படியில் இறங்கும்போது தினுஷன், போனால் போகட்டும் அக்கா என்றார். குரலில் அவ்வளவு தெம்பில்லை. கலாராணியை நாவலப்பிட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். யன்னலுக்குள்ளிருந்து, "ராக்கம்மா பாட்டிக்கு அன்னைக்கே ரிப்போர்ட் வந்துருச்சு மிஸ்," என்றாள். அதுதான் அவளுடைய நன்றி.

பஸ் போன பிறகு அங்கேயே நின்று அனீஸாவுக்கு அழைத்தேன். அவள் இப்போது அக்குறணையில் இருக்கிறாள். பிந்தித்தான் கலியாணம் நடந்தது. நல்ல மனிதர், பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். நாங்கள் எல்லாம் பேசுவோம், அந்த வெள்ளிக்கிழமையை மட்டும் பேசுவதில்லை. இன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கணினி நின்றதை, ரிசீவர் நினைவுக்கு வந்ததை, எல்லாக் கிளையும் கேட்க ரிஸ்கான் சேர் சொன்னதை.

"நான் அண்டைக்கு யாரோடயும் கதைக்கல்ல ஷஹ்மா," என்றாள்.

"எனக்குத் தெரியும்தானே. ரிசீவர கண்டதே நான்தானே."

"தெரியும். ஆனா நான் ஒருநாளும் ஒராளுக்கிட்டயும் இத வாயால சொல்லல்ல. ஒருக்கா சொல்லிப் பாக்கணும் போல ஈந்திச்சி."

இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. பஸ் நிலையத்து இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, இன்னொரு தடவை சொல் என்றேன். அவள் சொன்னாள்.